மெனு வராமல் நின்ற பந்தய விளையாட்டும் யூபிஎஸ் கேபிளும்

2000களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஒரு கார்ப் பந்தய விளையாட்டைக் காட்பாடி வீட்டிலுள்ள கணினியில், விண்டோஸ் 10இல் ஓடவைக்க முயன்றுவந்தேன். நிறுவுவதில் சிக்கல் இல்லை. திறந்ததும் முத்திரைக் காணொளி ஓடும். பிறகு கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நிற்கும், மெனு வராது. இது டிவிடி இல்லாமல் இணையத்தில் விலைக்கு வாங்கிய பதிப்பு என்பதால், விண்டோஸ் 10 ஆதரிக்காத சேஃப்டிஸ்க் போன்ற, டிவிடியை நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகளைச் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை.

வழக்கமான வைத்தியங்கள் அனைத்தையும் செய்தேன். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குவது, எக்ஸ்பி இணக்கப் பயன்முறை, பழைய விளையாட்டுகளுக்கான டைரக்ட்பிளே வசதி, 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பு, டாக்குமென்ட்ஸிலுள்ள அமைப்புக் கோப்புகளின் பெயரை மாற்றிவைப்பது என எதற்கும் அது அசையவில்லை. வேலூரில் கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர், "விண்டோஸையே அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாம் சார்" என்றார். அப்படிச் செய்தால் கோளாறு போனாலும் போகாவிட்டாலும் காரணம் தெரியாது என்பதால் நான் உடன்படவில்லை.

டாஸ்க் மேனேஜரில்தான் முதல் தடயம் கிடைத்தது. ஒரு நிரல் முடிவில்லாத சுழற்சியில் சிக்கியிருந்தால் சிபியுவின் ஒரு கோராவது முழுமூச்சில் ஓடும். கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தால் நினைவகப் பயன்பாடு ஏறும். இங்கே சிபியு 0 சதவீதத்தில் நின்றது, நினைவகமும் அசையவில்லை. அதாவது, விளையாட்டு எதனிடமிருந்தோ பதிலை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

யாரிடம் என்பதை அறிய, நிரல்களின் நடவடிக்கைகளை வரிவரியாகக் காட்டும் ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, அந்த விளையாட்டின் நடவடிக்கைகள் மட்டும் தெரியும்படி வடிகட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகள் மளமளவென ஓடிச் சட்டென்று நின்றன. ஜாய்ஸ்டிக் முதலியவற்றைக் கண்டறியும் டைரக்ட்இன்புட் நூலகம் ஏற்றப்பட்டதையும், அதைத் தொடர்ந்து விசைப்பலகை, மவுஸ், கேம்பேடு போன்றவை அடங்கும் எச்ஐடி வகைச் சாதனங்களைப் பற்றி, விண்டோஸின் அமைப்புக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டதையும் இறுதி வரிகள் காட்டின. கடைசிப் பதிவிலிருந்த தயாரிப்பாளர் எண்ணை டிவைஸ் மேனேஜரில் தேடியபோது, அது கேம்பேடும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, யூபிஎஸ்!

கத்திரி வெயில் காலத்து மின்தடைக்கு அஞ்சி, பேட்டரி தீரும்முன் கணினி தானாக அணைய வேண்டும் என்று யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கேபிள் வழியாக இணைத்திருந்தேன். அந்த இணைப்பில் விண்டோஸ் அதை எச்ஐடி சாதனமாகவே பார்க்கிறது. விளையாட்டு கறுப்புத் திரையில் நின்றிருந்தபோதே கேபிளை உருவினேன். ஓரிரு நொடிகளில் எஞ்சின் உறுமலோடு மெனு வந்தது. மீண்டும் செருகித் திறந்தால் பழையபடி நின்றது. உருவினால் ஓடுவதும் செருகினால் நிற்பதும் பொருந்தியதால் சந்தேகம் நீங்கியது.

ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் குனிவது முதுகுக்கு ஒவ்வாது. ஆகவே, சாதனங்களை நிர்வகிக்க விண்டோஸில் உள்ள பிஎன்பியுடில் (pnputil) கட்டளையால் அந்தச் சாதனத்தை முடக்கி, விளையாட்டைத் திறந்து, அது மூடியதும் சாதனத்தை மீண்டும் இயக்கும் சிறிய பேட்ச் (batch) கோப்பொன்றை எழுதினேன். அதை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்க வேண்டும். சாதனத்தை முடக்கும் வசதி விண்டோஸ் 10இன் 2004 என்ற எண்ணுள்ள (அது ஆண்டு அல்ல) பதிப்பிலிருந்துதான் அக்கட்டளையில் உண்டு. விளையாடும்போது மின்சாரம் போனால் தானாக அணையும் ஏற்பாடு வேலை செய்யாது என்பதால், யூபிஎஸ் கத்தத் தொடங்கியதும் விளையாட்டைச் சேமித்துவிட்டு நானே அணைத்துவிடுகிறேன். அடுத்து, அகலத்திரையில் கார்கள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிவதைச் சரிசெய்ய வேண்டும்.