கோல்ஃப் மட்டையும் இடது கை விரல்களும்

கிரிக்கெட் ஆடிப் பழகிய கைகளோடு, நாற்பது வயதுக்கு மேல் சென்னையில் கோல்ஃப் கற்கத் தொடங்கினேன். முதல் ஆறு மாதங்களில் நான் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை வலப்புறமாக வளைந்து புதருக்குள் போய் விழுந்தன. தோள் சரியாகத் திரும்பவில்லை, இடுப்பு முந்துகிறது, தலை நிமிர்ந்துவிடுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்த்தேன். பயிற்சித் திடலில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான், ஒரு நாள் என் இடது கையுறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைமேட்டின் இடத்தில் தோல் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. "சார், நீங்க உள்ளங்கையில புடிக்கிறீங்க. விரல்ல புடிங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் முழுமையாக விளங்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. மட்டையை உள்ளங்கையின் குறுக்கே வைத்து இறுக்கினால் மணிக்கட்டு தடையின்றி மடங்காது. ஒவ்வொரு வீச்சிலும் பிடி, அதாவது மட்டையின் ரப்பர் சுற்றிய கைப்பிடி, கைக்குள் சிறிது நழுவும். பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் தட்டையான பக்கம், நேராகத் திரும்பி வராமல் வலப்புறம் திறந்தே நிற்கும். முகம் இரண்டு பாகை திறந்திருந்தாலே, இருநூறு மீட்டர் செல்லும் பந்து ஏழு மீட்டர் விலகிவிடும். உடலுக்கும் மட்டைக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு கைகள்தான் என்பதால், அங்கே நேரும் பிழையைத் தோளையும் இடுப்பையும் கொண்டு ஈடுகட்ட முயல்வது வீண் உழைப்பு.

வலக்கை ஆட்டக்காரருக்கான முறையைச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். இடது கையை உடலோரம் தளர்வாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது இயல்பாகவே சற்று உட்புறம் திரும்பியிருக்கும், விரல்கள் பாதி மடங்கியிருக்கும். அந்த நிலை கலையாமல் கையை முன்னே கொண்டுவந்து, ஆள்காட்டி விரலின் நடுக் கணுவிலிருந்து சுண்டுவிரலின் அடி வரை பிடி சாய்வாகப் படியும்படி வைத்து, சதைமேடு அதன் மேலே அமருமாறு மூட வேண்டும். கட்டைவிரல் பிடியின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் இருக்கட்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: மற்ற விரல்களை எல்லாம் விலக்கிவிட்டு, வளைத்த ஆள்காட்டி விரலாலும் சதைமேட்டாலும் மட்டும் மட்டையைத் தூக்கிப் பாருங்கள். நின்றால், பிடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

வலது கையும் விரல்களாலேயே பிடிக்க வேண்டும். அதன் உள்ளங்கைப் பள்ளம் இடது கட்டைவிரலை மூடிக்கொள்ளும். இரு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உண்டாகும் கோடு, முகவாய்க்கும் வலது தோளுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தை நோக்கியிருந்தால் போதும்.

வலது சுண்டுவிரலை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழிகள் இருக்கின்றன. இடது கையின் ஆள்காட்டி, நடு விரல்களுக்கு இடையிலான பள்ளத்தின் மேல் அதை ஏற்றி வைப்பதை வார்டன் பிடி என்கிறார்கள். ஜெர்ஸி தீவில் பிறந்து, 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் பட்டம் வென்ற ஹாரி வார்டனால் அது பரவியது. ஆனால் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஜானி லெய்ட்லே அவருக்கு முன்பே அப்படித்தான் பிடித்தார். புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர்களான ஜாக் நிக்லஸும் டைகர் வூட்ஸும் வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலோடு பின்னிக்கொள்பவர்கள். பத்து விரல்களும் மட்டையில் படும் பிடி, கைவலு குறைந்த சிறுவர்களுக்கு உதவுகிறது. எனக்கு வார்டன் பிடிதான் அமைந்தது. எனினும், இடது கை சரியாக அமைந்த பிறகு இம்மூன்றில் எதைத் தேர்ந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே என் கருத்து. விரல் பதியும் பள்ளங்களோடு வார்க்கப்பட்ட பயிற்சிப் பிடிகளும் கடைகளில் கிடைக்கின்றன. பழக உதவும், ஆனால் போட்டி விதிகள் அவற்றை அனுமதிப்பதில்லை.

இறுக்கத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இடது கையின் கடைசி மூன்று விரல்களும் வலது கையின் நடு இரண்டு விரல்களும் பிடித்தால் போதும். முன்கைத் தசை விறைத்தால் வீச்சின் வேகம் அங்கேயே செத்துவிடுகிறது. சென்னையின் மே மாதத்தில் இதைக் கடைப்பிடிப்பது கடினம். வியர்வை வழுக்குகிறது, வழுக்குவதால் இறுக்குகிறோம், இறுக்குவதால் பந்து கோணுகிறது. இதற்குத் தீர்வு கைவலு அல்ல. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் பிடியின் ரப்பரைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கையுறை இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். கழுவியும் பளபளப்பும் கடினமும் போகாத ரப்பரை மாற்றிவிட வேண்டும்.

புதிய பிடி முதல் இரண்டு வாரங்களுக்கு வேறொருவர் கையைக் கடன் வாங்கியதுபோல் இருந்தது. முன்பு வலப்புறம் போன பந்துகள் இப்போது இடப்புறம் போயின. அந்நாள்களில் ஏழாம் எண் அயர்ன் (உலோகத் தலை கொண்ட நடுத்தர மட்டை) ஒன்றை வரவேற்பறையிலேயே வைத்து, செய்தி கேட்கும் நேரத்தில் எடுப்பதும் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தேன். மூன்றாம் மாதம் வாங்கிய கையுறையில் சதைமேட்டின் இடம் இன்னும் தேயவில்லை.