தூக்குநூல், புளியங்கரி, களிமண்: இதுவரை வந்து சேர்ந்த இடம்

படம் வரைவது, களிமண் பிடிப்பது, ஊர் சுற்றி வரைவது என்று மூன்றையும் தனித்தனிப் பொழுதுபோக்காகத்தான் வைத்திருந்தேன். இந்த வருஷம் மூன்றும் ஒரே நூலில் வந்து கட்டிக்கொண்டன. நிஜமான நூல்தான், நேராகத் தொங்கவிட்டு அளவு பார்க்கும் தூக்குநூல். கறுப்புத் தையல் நூலின் நுனியில் கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் வாங்கிய தூண்டில் ஈயக்குண்டு. கொத்தனார் வைத்திருக்கும் பித்தளைக் குண்டு வாங்கலாம் என்றுதான் கடைக்குப் போனேன். அதைக் கையை நீட்டிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிடும். ஈயக்குண்டு போதும்.

படம் வரைவதிலிருந்து தொடங்குகிறேன். சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ழெரோம் என்ற இன்னோர் ஓவியருடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட பயிற்சிப் படங்களைத்தான் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 197 படங்கள். முதல் பகுதி முழுக்க பிளாஸ்டர் வார்ப்புகள்: கண், காது, பாதம், கை, பிறகு தலை, உடல். வான்கோகூட இவற்றைப் பார்த்துப் பழகியவர்தான். நான் பாதங்களில் இருக்கிறேன்.

முறை எளிது, பொறுமைதான் கடினம். அச்சுப்படத்தையும் வரைதாளையும் ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்தில் சுவரில் ஒட்ட வேண்டும். படத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்கு பின்னால் தள்ளி, தரையில் சாக்பீஸால் கால் வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பது எல்லாம் அங்கிருந்து மட்டும். பார்த்த அளவை மனதில் வைத்துக்கொண்டு முன்னால் போய் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். தாளின் முன்னால் நின்றுகொண்டே சரிபார்க்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது வரைவதாகவே தெரியாது, நடைப்பயிற்சி மாதிரித்தான் தெரியும்.

மூலப்படத்தின் நடுவே நூலைத் தொங்கவிட்டால், கணுக்கால் எலும்பு நூலுக்கு எவ்வளவு வெளியே, பெருவிரல் எவ்வளவு உள்ளே என்பது தெரிந்துவிடும். பாதத்தின் வெளிக்கோட்டை வளைவாகப் போடாமல் நீண்ட நேர்கோடுகளாக வெட்டி எடுப்பேன். பிறகு நிழலின் எல்லை. நிழல் முழுவதையும் ஒரே சாயலில் நிரப்பிவிட்டு, அப்புறம்தான் வெளிச்சப் பக்கம் போவது. இந்த வரிசையை மாற்றினால் படம் அழுக்காகிவிடுகிறது.

கரித்துண்டை நானே சுடுகிறேன். துணியில் கலம்காரி ஓவியம் வரைபவர்கள் புளியங்குச்சியைச் சுட்டுத்தான் கோடு போடுவார்கள், எனவே அதையே எடுத்தேன். பென்சில் தடிமனுள்ள குச்சிகளை ஒடித்து, பட்டை உரித்து, நிழலில் காயவைத்து, மூடி இறுக்கமான பிஸ்கட் தகர டப்பாவில் நெருக்கி அடுக்க வேண்டும். மூடியில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை. விறகடுப்பில் வைத்தால் முதலில் வெள்ளைப் புகை வரும். அந்த ஓட்டைப் புகையில் தீக்குச்சி காட்டினால் பற்றிக்கொள்ளும். புகை நின்றதும் எடுத்துவிட வேண்டும், ஆனால் முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்று பட்டு உள்ளேயே கனன்று சாம்பலாகும். நல்ல துண்டைத் தரையில் போட்டால் கண்ணாடி மாதிரிக் கிணுங்கும். கடைக் கரியைவிட இது கொஞ்சம் கடினம், அடர்கறுப்பு வராது. ஆனால் முதல் கோடுகளுக்கு இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, துணியால் தட்டினாலே போய்விடுகிறது. அடர்நிழலுக்கு மட்டும் கடைக் கரி.

அச்சுப்படத்தில் பழகிய கண்ணைச் சோதிக்கப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போவேன். அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. வளைந்து நிற்கும் அம்மன் உருவத்தின் முன்னால் கையை நீட்டி நூலைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, மீனு எதுனா மாட்டுச்சா?” என்றார். ஈயக்குண்டைக் கண்டுபிடித்துவிட்டார்!

மாட்டியது இதுதான். கழுத்துக் குழியில் நூலைப் பிடித்தால், எந்தக் காலில் உடல் பாரம் நிற்கிறதோ அந்தப் பாதத்தின் பக்கம் வந்து இறங்குகிறது. ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் நின்ற உருவத்துக்குச் சொல்லித்தரும் முதல் சோதனை இதே. நம் ஸ்தபதிகள் நேராக நிற்கும் உருவத்துக்கு நடு உச்சி, மூக்கு, தொப்புள், இரு குதிகால்களின் நடு என்று ஒரு நூல் விடுவார்கள். உடல் வளைய வளைய இடுப்பும் தலையும் அந்த நூலிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவர் பார்த்து அளக்கிறார், இன்னொருவர் கணக்குப் போட்டுச் செய்கிறார். இரண்டு பேருக்கும் உருவம் விழாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

முக அளவும் அப்படியே. முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடைவரை 12 அங்குலம், அதுதான் ஒரு தாலம். (இஞ்ச் இல்லை, சிற்பக் கணக்கின் அங்குலம்.) அதை நான்கு நான்காக மூன்று பங்கு வைக்க வேண்டும். இந்த மூன்று பங்கு, மேற்கத்திய தலை அளவிலும் உண்டு. முழு உடலுக்கு வந்தால் வழி பிரிகிறது. சிவன், விஷ்ணு போன்ற தெய்வங்களுக்கு உத்தம தசதாலத்தில் (பத்துத் தாலக் கணக்கின் பெரிய வகை) 124 அங்குலம், அம்மனுக்கு மத்திம தசதாலத்தில் (அதன் நடு வகை) 120. சுவாமிமலை ஸ்தபதிகள் இந்த அளவுகளைத் தென்னை ஓலை நறுக்கில் மடித்து வைத்துக்கொள்வார்கள், ஒடியோலை என்று பெயர். நானும் ஒன்று செய்து பார்த்தேன். ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி மடித்துவிட்டால் ஸ்கேலே வேண்டாம். எந்த உயரத்துக்குச் செய்தாலும் விகிதம் அந்த மடிப்புகளிலேயே இருக்கிறது. ஆனால் ஓலை காய்ந்தால் மடிப்பில் பிளந்துவிடும், எனக்கு இரண்டாம் நாளே பிளந்தது. இப்போது கெட்டியான காகித நாடாவில் மடித்து வைத்திருக்கிறேன்.

இனி களிமண். இதுதான் அதிக நேரம் தின்றது.

மண் புதுச்சேரி பக்கத்து வில்லியனூரிலிருந்து வருகிறது. அங்கே சுடுமண் வேலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது, புவிசார் குறியீடும் பெற்ற தொழில். ஓவியப் பள்ளி வழக்கப்படி தலைச்சிற்பத்துக்குப் பலகையில் குழாய் நட்டு, கம்பி சுற்றி, அதன்மேல் மண்ணை அப்புவார்கள். அப்படித்தான் நானும் ஆரம்பித்தேன். சிற்பம் முடிந்ததும் பிளாஸ்டரில் அச்சு எடுப்பதாக இருந்தால் இது நல்ல வழி. சுட வேண்டும் என்றால் ஆகாது. காயும்போது மண் சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. வெடிப்பு நிச்சயம்.

மண் வாங்கும் இடத்தில் சூளை வைத்திருக்கும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர், “உள்ள எதுக்கு தம்பி கம்பி? குதிரைக்கு நாங்க என்ன கம்பியா வெக்கிறோம்?” என்றார். அய்யனார் கோயில் குதிரைகளைத்தான் சொல்கிறார். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் மண்குதிரையின் கால்கள் உள்ளே வெறும் குழாய். அதன்மேல் வயிறு, அதுவும் கூடுதான். கீழே வளையம் வைத்து, அது கொஞ்சம் இறுகியபின் மேலே அடுத்த வளையம். மண் தன்னையே தாங்கிக்கொள்கிறது.

சரி என்று அடுத்த தலையை அப்படியே எழுப்பினேன். கழுத்தில் தொடங்கி, விரல் தடிமனுக்குத் திரித்த மண்ணை வளையமாக அடுக்கி, உள்பக்கம் ஒரு கையை வைத்துத் தாங்கிக்கொண்டு வெளியே மரக்கட்டையால் தட்டிக்கொண்டு போனால் தலை பானையாக எழும்புகிறது. கன்ன எலும்பு வேண்டுமா, உள்ளேயிருந்து தள்ள வேண்டும். கண்குழிக்கு வெளியேயிருந்து அமுக்க வேண்டும். கம்பிமேல் அப்பும்போது முகம் வெளியேயிருந்து உள்ளே போகிறது. இதில் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. எலும்பு எங்கே முட்டுகிறது என்று கைக்கே தெரிகிறது. எனக்கு இந்த முறைதான் இனி. இங்கேயும் நூல் உண்டு: பலகையைச் சுற்றித் திருப்பி, நான்கு பக்கமும் நூலை விட்டு, காது ஓட்டைக்கும் தாடை மூலைக்கும் உள்ள உறவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கவனிக்க வேண்டியது ஈரம். சித்திரை வெயிலில் மேல் பக்கம் காய்ந்து கீழே ஈரமாக இருந்தால் நடுவில் பிளக்கும். வேலை முடிந்ததும் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டி, அதன்மேல் பாலிதீன். மூக்கு, காது மடல் மாதிரி மெல்லிய இடங்களுக்குக் கூடுதலாக ஒரு ஈரத்துணி. சுடுவதற்கு முன் இதற்கு நேர்மாறு: பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி வழி தேடும், வழி இல்லையென்றால் மண்ணையே உடைத்துக்கொண்டு வரும். தலையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “சில்லுனு இருக்குது, இன்னும் நாலு நாள் போவட்டும்” என்று அண்ணன் திருப்பி அனுப்பினார். அப்படித் திரும்பிப் போய் வந்ததுதான் சூளையில் வெடிக்காமல் வந்தது. காதுக்குப் பின்னால் மயிரிழை விரிசல் ஒன்று. அதை நான் பூசவில்லை.

ஊர் சுற்றி வரைவது பற்றிக் கொஞ்சம். புதுச்சேரியில் பாரதி பூங்கா நடுவிலுள்ள ஆயி மண்டபம் எல்லாரும் வரைவதுதான், நானும் வரைந்தாயிற்று. தூண்கள் நேராக இருப்பதால் நூலுக்கு வேலையே இல்லை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்கள் அதைவிடச் சுவாரஸ்யம். செதுக்கு வேலை நிழலில் மறைந்து, வெளிச்சம் படும் விளிம்பு மட்டும் தெரியும்போது வரைய வேண்டும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

முதுநகரில் உப்பனாற்றங்கரை வேறு கதை. படகுகள் ஆடிக்கொண்டே இருக்கும், எந்தக் கம்பமும் நிலையாக நிற்காது. அங்கே நான் முதலில் போடுவது எதிர்க்கரை, சோனாங்குப்பம் பக்கத்துக் கோடு. அடுத்து கரையில் நிற்கும் விளக்குக் கம்பம். இந்த இரண்டும் அசையாது. மற்றவை எல்லாம் அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுப் பேனாவில் போட்டுவிடுவேன். காற்றில் ஈரம் அதிகம், நீர்வண்ணம் சட்டென்று காயாது. அதனால் ஒரே ஒரு பூச்சுதான், நிழலுக்கு மட்டும். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்து, “படகெல்லாம் நல்லாத்தான் இருக்குது, நான் எங்க?” என்று கேட்டார். அவரை ஓரத்தில் போட்டேன். மூக்குத்தியை மறக்காமல் போடச் சொன்னார்.

அடுத்தது கை, பார்க் படத்திலும் மண்ணிலும். விரல்களை உள்ளே கூடாகச் செய்ய முடியாது, எனவே உள்ளங்கை மட்டும் கூடு, விரல்கள் கட்டி மண். எவ்வளவு தடிமன்வரை வெடிக்காது என்று சின்னத் துண்டுகளாகச் சுட்டுப் பார்க்கப் போகிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சூளை வைக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார், அதற்குள் முடித்தாக வேண்டும்.