ஐம்பத்து நாலா, அறுபத்து நாலா

நவம்பர் 3

மழை. ஏற்காட்டு மலையில் படுக்கத் தூளி தைக்க வேண்டும். துணி வரவில்லை.

நவம்பர் 5

மூன்று மாதிரித் துண்டுகள் வந்துவிட்டன. மூன்றும் ரிப்ஸ்டாப் நைலான். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடுகிறது. ஓரிடத்தில் கிழிந்தாலும் அந்தக் கட்டத்தோடு நிற்கும். சீட்டில் 30 டெனியர், 40 டெனியர், 70 டெனியர் என்று இருக்கிறது. அது இழையின் கனம்: 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்ற கணக்கு. பாவும் ஊடையும் (நெடுக்கு, குறுக்கு இழைகள்) எவ்வளவு நெருக்கம், மேலே என்ன பூசியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்தால்தான் துணியின் கனம் வரும். எடை போட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டி நிறுத்து, கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. திருப்பூரில் வட்டக் கட்டரால் வெட்டி எடுப்பதும் இதே 100 சதுர செ.மீ.தான். சமையலறைத் தராசில் அரை கிராம் தெரியாது, நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். 0.37, 0.54, 0.64. அதாவது 37, 54, 64 ஜிஎஸ்எம்.

நவம்பர் 6

37-ஐப் பார்த்தவுடன் கிழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரியில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் இழுவை படுப்பவரின் எடையளவு: 78 கிலோவுக்கு 78. (விறைப்பாக 15 டிகிரியில் கட்டினால் 150. தூளியை நாண் போல இழுத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.) 78 கிலோவும் 150 செ.மீ. அகலத்தில் பரவுகிறது. ஒரு செ.மீ.க்கு அரைக் கிலோ. நடுவில் இரண்டு மடங்கு விழுந்தாலும் ஒரு கிலோ. நல்ல 37 அதைத் தாங்கும்.

தாங்கும், ஆனால் நீளும். இடுப்பு கீழே போகும், முழங்கால் பின்னுக்கு வளையும், இரண்டு ஓரமும் தோளை நெருக்கும். படுத்த பத்து நிமிடத்தில் சொகுசாக இருக்கும், இரவு மூன்று மணிக்கு முதுகு வலிக்கும்.

கனம் என்பது பலத்துக்காக இல்லை. எவ்வளவு நெகிழும் என்பதற்காக.

நவம்பர் 7

சோதனை. 5 செ.மீ. அகலப் பட்டை, பாவு வாக்கில் வெட்டியது. நடுவில் 20 செ.மீ.க்கு இரண்டு பேனாக் கோடு. மேலே இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே இறுக்கி, கீழே ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். உடனே அளக்கக் கூடாது, நைலான் மெதுவாக இறங்கும். அரை மணி நேரம் கழித்து: 37-இல் 21 செ.மீ., 54-இல் 20.7, 64-இல் 20.6.

முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் முடிச்சும் நழுவும், அளவு பொய்யாகும்.

நவம்பர் 8

அதே 54-ஐ மூலைவாட்டில் வெட்டித் தொங்கவிட்டேன். கோடுகள் எங்கேயோ போய்விட்டன. தூளியில் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு தட்டையாவதற்கு இதுவும் ஒரு காரணம், மூலைவாட்டில் துணி இளகுகிறது.

நவம்பர் 11

64 என்று இன்னொரு கடையில் வாங்கிய துண்டு வாயை வைத்து ஊதினால் காற்றே போகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கிறது. பூச்சு! நூல் கனம் 50-க்கும் குறைவாக இருக்கலாம், மீதி பூச்சின் எடை. பூச்சு இழுவையைத் தாங்காது, வியர்வையையும் வெளியே விடாது, முதுகு நனைந்து விடியும். கடையில் ‘பாராசூட் துணி’ என்று தருவதில் பாதி குடைக்கும் பைக்கும் நெய்தது. ஊதிப் பார்க்காமல் ஒரு மீட்டர்கூட வாங்கக்கூடாது.

நவம்பர் 12

ஏற்காட்டில் பனி. அதை மறந்தே போனேன்.

நைலான் ஈரத்தை உறிஞ்சும், தன் எடையில் நாலு சதவீதம் வரை சாதாரணக் காற்றிலேயே. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. பட்டைகளை நனைத்து மறுபடியும் தொங்கவிட்டேன், மூன்றும் இன்னும் இறங்கின. பாலியெஸ்டர் இறங்காது, வெயிலையும் நைலானைவிடத் தாங்கும், ஆனால் நெகிழாது. கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு முகடு எழும்பி இரவு முழுக்க அழுத்தும். நைலான்தான். கட்டும்போதே ஒரு சாண் உயரமாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பழைய புடவைத் தூளியின் மெத்துக்கு ஈடே இல்லை. ஆனால் பருத்தி நனைந்தால் மலையில் இரண்டு நாளானாலும் காயாது.

நவம்பர் 15

கொசு. ஒற்றைத் துணி வழியாக முதுகில் கடிக்கும். 37-ஐ இரண்டாகப் போட்டால் 74, நடுவே குளிருக்குப் பாயும் சொருகலாம். ஆனால் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று இரண்டு செ.மீ. குட்டையானால் அதிகப் பாரம் அதன் மேலேதான், மற்றது தளர்ந்திருக்கும். சேர்த்துப் பிடித்து வெட்ட மூன்றரை மீட்டர் மேசை எங்கே இருக்கிறது?

நவம்பர் 16

54. முடிவு.

நவம்பர் 19

அண்ணனும் வருகிறார். 92 கிலோ.

நவம்பர் 20

தூக்கம் வரவில்லை. 92-ஐ 78-ஆல் வகுத்தால் 1.18. 64-ஐ 54-ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதே, 1.19!

காலையில் 64 பட்டையில் கேனோடு 900 மில்லி சேர்த்துத் தொங்கவிட்டேன். 20.7. 54-இல் ஐந்து கிலோவுக்கு வந்த அதே அளவு. உடல் எடை கிலோவுக்கு 0.7 ஜிஎஸ்எம்: பூச்சில்லாத, நெருக்கமாக நெய்த நைலானுக்கு இது போதும். அந்தக் கணக்கில் 37 யாருக்கு? 53 கிலோ ஆளுக்கு. அது மோசமான துணி இல்லை, வேறொருவருடைய துணி. 78 கிலோ ஆளை 64-இல் படுக்க வைத்தால் விழமாட்டார், ஆனால் துணி இளகாமல் தோளிலும் கெண்டைக்காலிலும் எதிர்த்து நிற்கும்.

இரண்டு தூளி, இரண்டு கனம். எடை வித்தியாசம் 52 கிராம்தான்.

நவம்பர் 24

345 செ.மீ. நீளம், 150 அகலம். ஓரங்களில் ஒரு செ.மீ. வீதம் இரண்டு மடிப்பு. இரண்டு தலைப்பிலும் 1 மடித்து, பிறகு 4 மடித்துக் கயிறு நுழையும் குழாய், முடிந்தால் 335. ஊசி 11-ஆம் நம்பர், பாலியெஸ்டர் நூல், தையல் 3 மி.மீ. பதினாறாம் நம்பர் தடித்த ஊசி போட்டால் இழை அறுந்து தையலோரம் ஏணி மாதிரி பிரியும். தையலை நெருக்கினாலும் அதே கதி, துணியில் துளைவரிசை விழுந்து தபால்தலை ஓரம் போலாகிவிடும். ஓர மடிப்பு சுருங்காமல் ஓட வேண்டும். சுருங்கினால் ஓரம் நாணாக இறுகி நடு மட்டும் குழியும்.

நவம்பர் 25

மழை.

நவம்பர் 29

மேல் கயிறு (தூளியின் இரண்டு நுனிகளையும் மேலே நேராக இணைப்பது) 278 செ.மீ., அதாவது 335-இல் 83 சதவீதம். ஆள் படுத்திருக்கும்போது விரலால் அழுத்தினால் அது வளைய வேண்டும். கல்லாக நின்றால் தூளியை மரத்தில் கட்டும் பட்டைகள் அதிக விறைப்பு. கால் பக்கம் ஒரு சாண் உயர்த்தியதும் முகடு போய்விட்டது. 54 நன்றாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

டிசம்பர் 2

64-ஐ மொட்டை மாடியில் பனியில் விட்டிருக்கிறேன், 92 கிலோவுக்கு மணல் மூட்டைகளோடு. இரவு பத்து மணிக்குத் தரையிலிருந்து 45 செ.மீ.

டிசம்பர் 3

ஆறு மணிக்கு 38. இன்னும் ஒரு இரவு பார்க்க வேண்டும்.