மூலையில் கையெழுத்து இல்லை

"அதையும் நீரே போடுமன் தம்பி" என்று அவர் சொன்னது கேலியா, கோபமா, இல்லை சாதாரணமாகத்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆர்க்கிடெக்ட்டாக இருந்தவர். 1990ல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் அகதியாக வந்து இறங்கி, அப்புறம் கும்பகோணத்தில் என் ஆபீஸில் பிளான் வரைந்தார், மிச்ச நேரத்தில் வாட்டர்கலர். இங்கே 1972 சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளவே முடியாது, அவரிடம் அந்தப் பதிவு கிடையாது, அதனால் அவர் வரைவார், நகராட்சிக்குப் போகிற பிளானில் என் சீலும் கையெழுத்தும் இருக்கும். ஃபீஸ் பாதிக்குப் பாதி. ஏமாற்றவில்லை. (இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதும் உறுத்துகிறது.)

அரசலாற்றங்கரை வீட்டு கிரகப்பிரவேசம். ரேழி, கூடம், நடுவில் முற்றம். அவர் அதை நாற்சார் வீடு என்பார். முற்றமெல்லாம் வேண்டாம், கான்கிரீட் போட்டு மூடிவிடுங்கள் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றபோது, தாழ்வாரத்து ஓட்டுச்சாய்ப்பை ஒரு சாண் இறக்கி, மழைத்தண்ணீர் நாலு பக்கமும் உள்ளேயே விழுகிற மாதிரி வரைந்து காட்டி மனதை மாற்றியவர் அவர்தான். சால்வை எனக்கு.

"இந்த முற்றத்து யோசனை யாருது சார்?" என்று வீட்டுக்காரரின் சம்பந்தி கேட்டார்.

"நம்ம ஆபீஸ்ல பண்ணினதுதான்" என்றேன். பொய்யில்லையே. வரைந்தவர் ரெண்டடி தள்ளி டபராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார், ஆற்றுவதை நிறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தார். அதே முற்றம், மழை, கூடல்வாய்க்கு அடியில் பித்தளை அண்டா, அதன் வாயில் கட்டிய வெள்ளைத்துணி தண்ணீர் பாரத்தில் நடுவே தொய்ந்திருக்கும். கையெழுத்தை மட்டும் காணோம். என்ன சார் மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

பெயரைச் சொல்லியிருந்தால் யாராவது புகார் போட்டு அவருக்குத்தான் வம்பு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சம்பந்தியா புகார் போடப்போகிறார்? 1981ல் எரித்தார்களே அந்த யாழ்ப்பாண நூலகம், அதற்குப் பிளான் போட்டது ஒரு மெட்ராஸ்காரர் என்று அவர் அடிக்கடி சொல்வார், சொல்லும்போது அந்தப் பெயரை இனிஷியலோடு முழுதாகச் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

படம் ஆபீஸில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்பார்கள். பெயரைச் சொல்கிறேன். ஓவியர் என்று.