தாமதமாக வந்த தீர்த்தம்

அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, ஓசூரிலிருந்து தருமபுரிக்கு வரும் பேருந்தில் நான் காவேரிப்பட்டணத்தைக் கடந்துகொண்டிருந்தேன். மடியில் ஒரு தூக்குவாளி. அதற்குள், முதல் நாள் இரவு அவர் தொலைபேசியில் ஆசையாகக் கேட்ட கேழ்வரகுக் கூழ். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் பல மாதங்கள் என்னால் சாமி கும்பிட முடியவில்லை. முந்தைய பேருந்தில் ஏறியிருக்கலாமே என்ற எண்ணம் இரவுதோறும் வந்தது. அரை மணி நேரம் அவரை இருக்கவிடாத தெய்வத்திடம் இனிமேல் கேட்க என்ன இருக்கிறது என்று கோபமும் வந்தது. அம்மா என்னோடு வாதாடவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரூரிலிருந்து முதலில் அனுமந்தீர்த்தத்துக்கும் பிறகு தீர்த்தமலைக்கும் என்னை அழைத்துச் சென்றார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். இராவண வதத்துக்குப் பின் சிவபூசை செய்ய நினைத்த இராமர், கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அவர் வரத் தாமதமாகவே, மலையில் அம்பெய்து தீர்த்தம் வரவழைத்துப் பூசையை முடித்துவிட்டார். பிந்தி வந்த அனுமன் மனம் நொந்து வீசிய நீர் விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமந்தீர்த்தம். ஓசூரையும் காவேரிப்பட்டணத்தையும் தொட்டுக்கொண்டு வரும் அதே ஆறு என்பது அன்று படித்துறையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "அவர் கொண்டாந்தது வீணாப் போச்சா கண்ணு? இங்க முழுகிட்டுத்தானே மலைக்கே ஏர்றோம்."

உண்மைதான். பூசைக்கு உதவாமற்போன நீரில் முதலில் நீராடிவிட்டு, பிறகே இராமர் தீர்த்தத்துக்குப் போவது இங்குள்ள வழக்கம். இத்தனை ஆண்டுகளாக அந்த வரிசையின் பொருளை நான் யோசித்ததே இல்லை. படியேறிப் போய், பாறையின் உயரத்திலிருந்து விழும் நீரின் கீழே நின்றபோது, அப்பா போன நாளிலிருந்து வராத அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் முகமும் நனைந்துதான் இருந்தது.

ஒரே நாளில் நான் மாறிவிடவில்லை. குற்ற உணர்ச்சி இப்போதும் சில இரவுகளில் வருகிறது. ஆனால் அது வரும்போது போய் நிற்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது. முன்பெல்லாம் பிரார்த்தனை என்றால் எதையாவது கேட்பது என்றிருந்தேன். இப்போது விளக்கேற்றிவிட்டு, அன்றைய பாரத்தைச் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன், சில நாள் கோபத்தையும் சேர்த்து.

அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்த மறுநாள், அதே தூக்குவாளி நிறையக் கூழும் சின்ன வெங்காயமும் எடுத்துக்கொண்டு அனுமந்தீர்த்தத்துக்குப் போனோம். படித்துறையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு பெரியவர் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று டம்ளரை நீட்டினார்.