தரகருக்கு ஓர் அத்தியாயம்

ஜூன் 2

நாவலின் இரண்டாம் வரைவைப் படித்த தோழி இன்று பேசினாள். அரை மணி நேரப் பேச்சில் நாயகி வசந்தியைப் பற்றி இரண்டு வாக்கியம்தான். மீதி முழுக்கத் தரகர். வீட்டை விற்றுக்கொடுக்க வரும் மனிதர், 22 அத்தியாயங்களில் மூன்றே இடங்களில் குடையும் கையுமாகத் தலைகாட்டுகிறவர். “அவர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு அத்தியாயம் கொடேன்” என்றாள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது, வசந்தியின் சார்பில்.

ஜூன் 5

உட்கார்ந்த வேகத்தில் 4,000 சொல் வந்துவிட்டது. பிறப்பு, படிப்பு நின்றுபோனது, தம்பி ஏமாற்றியது, மனைவியின் நோய். எழுதும்போது கண் கலங்கியது. சாயங்காலம் படித்துப் பார்த்தால் வேலைக்கு மனுப் போட்டவரின் சுயவிவரம் மாதிரி இருக்கிறது. ‘நானும் நல்லவன்தான், எனக்கும் கஷ்டம் உண்டு’ என்று கெஞ்சுகிறார். மூன்று காட்சிகளில் அவரிடம் இருந்த மிடுக்கு எங்கே போனது?

ஜூன் 6

ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கதாபாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். ஒரே குணத்தில் நிற்பது தட்டை, பல பக்கங்களோடு நம்மை வியக்கவைப்பது உருண்டை. தட்டையைத் திட்டத்தான் இந்தப் பிரிவை எல்லோரும் எடுக்கிறார்கள். தட்டையான பாத்திரம் வந்ததும் அடையாளம் தெரியும், படித்த பிறகும் நினைவில் நிற்கும் என்று சொன்னவரும் அவர்தான். தோழிக்குத் தரகரைப் பிடித்ததே அவர் தட்டையாக இருந்ததால்தானோ? அப்படியானால் நான் செய்வது கெடுதல்.

4,000 சொல்லையும் தூக்கி வைத்துவிட்டேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் தாளில் எழுதி மேஜையில் ஒட்டினேன்: வசந்திக்குத் தெரியாதது இவருக்கு என்ன தெரியும்?

ஜூன் 9

பதில் கிடைத்தது. அந்த வீட்டை 20 வருஷத்துக்கு முன் அவள் அப்பாவுக்கு முடித்துக்கொடுத்ததே இவர்தான். வசந்திக்கு அப்போது நாலு வயது, ஞாபகமில்லை. இவருக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லிக்கொள்ளவும் இல்லை. இது போதும், தம்பியும் வேண்டாம், நோயும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நடை. என் தரகர் ஊஞ்சலைப் பார்த்து ஏங்குகிறார். அது வசந்தி செய்கிற வேலை! தரகர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரின் ஓதத்தைப் பார்ப்பார், தளத்தில் விரிசலைப் பார்ப்பார், அந்த வீட்டில் முடிவெடுப்பது யார் என்று பார்ப்பார். ஊஞ்சல் அவருக்கு வழியை அடைக்கிற சாமான். அதே கூடத்தை இப்படி எழுதியதும் வாக்கியங்கள் தாமாகக் குட்டையாகிவிட்டன. குரலை மாற்ற வட்டார வழக்கைத் தேடிக்கொண்டிருந்தேன், பார்வை மாறினால் போதும் என்று இப்போது புரிகிறது.

ஜூன் 12

நாள் முழுக்க ஒரே ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். அவனா, அவரா?

வசந்தி தன் அத்தியாயங்களில் ‘நான்’ என்று சொல்கிறாள். தரகரை ‘அந்த ஆள்’ என்பாள், கோபம் வந்தால் ‘அவன்’. தரகருக்கும் ‘நான்’ கொடுத்தால் இரண்டு ‘நான்’ மோதும். படர்க்கையில் எழுதலாம் என்றால், 58 வயதுக்காரரை ‘அவன்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் மனதுக்குள் நுழைந்து எழுதும்போது ‘அவன்’ தருகிற நெருக்கத்தை ‘அவர்’ தராது, வாசலிலேயே நிற்கவைத்துவிடும். ‘அவர்’ என்றால் ஆசிரியர் எழுந்து நின்று வணக்கம் சொல்வது போலவும் இருக்கிறது. பெயரைப் போட்டுத் தப்பிக்கலாம் என்றால் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். வந்தானா வந்தாரா, ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

இரண்டு விதமாகவும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கடைசியில் ‘அவர்’. காரணம் மரியாதை இல்லை. அத்தியாயத்தின் முதல் ‘வந்தார்’ வந்ததுமே, இதுவரை வசந்தியின் வாயால்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வாசகருக்கு உறைக்கிறது.

அப்புறம், அவர் அத்தியாயத்தில் வசந்தி ‘பாப்பா’. 24 வயது பாப்பா.

ஜூன் 15

பெரிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. வசந்தியின் அப்பா சாவதற்கு முன்பே அவள் அண்ணன் வீட்டுக்கு முன்பணம் வாங்கிவிட்டான் என்பது 17-ஆம் அத்தியாயத்தில்தான் உடைகிறது. அது தரகருக்கு முதலிலிருந்தே தெரியும். அவர் தலைக்குள் நாம் உட்கார்ந்திருக்கும்போது அவர் அதை நினைக்காமலே இருந்தால், அது ரகசியம் இல்லை, கள்ளாட்டம். நினைத்தால் 17 புஸ்ஸாகிவிடும்.

இரண்டு வழி யோசித்தேன். அவர் அத்தியாயத்தை 17-க்குப் பின்னால் தள்ளுவது. இல்லையென்றால், அவருக்கே விஷயம் தெரிவதற்கு முந்தைய நாளில் வைப்பது. இரண்டாவது கொஞ்சம் தந்திரமாகப் படுகிறது. சரி, பின்னால் தள்ளுகிறேன், 18.

ஜூன் 21

18-இல் மட்டும் திடீரென்று வேறு ஆள் பேசினால், அச்சுக்கூடத்தில் தாள் மாறிவிட்டது போலத் தெரியும். இப்படியும் நடக்கும் என்று வாசகரை முன்கூட்டியே பழக்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 1930-இல் வெளிவந்த ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலை மறுபடி புரட்டினேன். 59 பகுதிகள், பேசுகிறவர்கள் 15 பேர், ஒவ்வொரு பகுதிக்கும் பேசுகிறவர் பெயரே தலைப்பு. ஒரு சிறுவனின் பகுதிகளில் ஒன்று ஒரே ஒரு வாக்கியம். இறந்துபோன தாய்க்கு ஒரே ஒரு பகுதி, அதுவும் அவள் இறந்து வெகுநேரம் கழித்து. அளவு சமமாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பார்த்ததும் தைரியம் வந்தது.

4-ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு தரகருக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்தேன். அவர் தெருவில் நின்று வீட்டை வெளியிலிருந்து பார்க்கிறார், அவ்வளவுதான். அண்ணன் இன்னும் அவரிடம் வரவில்லை, அதனால் மறைக்கவும் ஒன்றுமில்லை. (முதலிலிருந்தே தெரியும் என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். தந்திரம்தான்.)

ஜூன் 24

எதிர்பார்த்ததே நடந்தது. தரகருக்குக் கொடுத்ததும் எல்லோரும் வரிசையில் வந்து நிற்கிறார்கள். அத்தைக்கு ஒன்று எழுதினேன், எதிர்வீட்டுப் பையனுக்கு ஒன்று. நாவல் 60 பக்கம் ஊதிவிட்டது.

ஜூலை 1

பையனை எடுத்துவிட்டேன், வருத்தமே இல்லை. அத்தைதான் கஷ்டம். நன்றாக வந்திருக்கிறாள், தரகரைவிட நன்றாக. ஆனால் மேஜையில் ஒட்டிய கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அவள் சொல்கிற எல்லாமே வசந்திக்குத் தெரிந்தது, வாசகருக்கும் தெரிந்தது. புதிதாக இருப்பது அவள் திருமணத்துக்கு முந்தைய மூன்று வருஷங்கள், அதற்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

சிலப்பதிகாரத்தில் மணிமேகலை மாதவியின் மகளாக ஓரத்தில் வருகிறவள். அவள் கதை அங்கே ஒரு காதையாக நுழைக்கப்படவில்லை. வேறு கையால், வேறு காப்பியமாக, 30 காதைகளோடு வந்தது. அத்தையின் 20 பக்கங்களைத் தனிக் கோப்பில் போட்டுவிட்டேன். ஒரு வரியை மட்டும் எடுத்து, 9-ஆம் அத்தியாயத்தில் அவள் வாயில் வசனமாக வைத்தேன்.

ஜூலை 4

தோழி திரும்பப் படித்தாள். “அண்ணனுக்கு ஏன் இல்லை?” என்றாள். அவன் பேசினால் கதை முடிந்துவிடும் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

போகிறபோக்கில் ஒரு பிழையும் சொன்னாள். வசந்தியின் அத்தியாயங்களில் தரகர் குடையை வலது கையில் பிடிக்கிறார். அவர் அத்தியாயத்தில் வலது தோள் வலி, குடை இடது கையில். திருத்த 3-ஆம் அத்தியாயத்தைத் திறந்தேன். வசந்தி அந்த ஆளை எப்போது நேராகப் பார்த்தாள்? திருத்தாமல் மூடிவிட்டேன்.