ஆறு சொல்லுக்கு மூன்று பொருள்: கல்லிடைக்குறிச்சி மாலை வகுப்புக் குறிப்புகள்

ஜூன் 9, திங்கள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் பொருத்தும் பயிற்சி தொடங்கியாயிற்று. இந்தப் பக்கம் ஐந்து சொல், அந்தப் பக்கம் ஐந்து பொருள் என்ற பழைய அமைப்பு இனி வேண்டாம். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக விழுந்துவிடும். "மிச்சம் இருக்கது இதாம்லா" என்று கோடு போட்டுவிடுவார்கள். இதைவிடப் பெரிய கேடு, அதில் ஒன்று மட்டும் தப்பாக வழியே இல்லை. ஒரு கோடு இடம் மாறினால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகும். எந்தச் சொல் உண்மையில் தெரியவில்லை என்று விடைத்தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சொல் கற்றலை ஆய்ந்த பால் நேஷன் 1983இல் கொண்டுவந்த சொல்லறிவுத் தேர்வில் ஆறு சொல்லுக்கு மூன்றே பொருள். இரண்டைச் சரியாகப் பொருத்திய பிறகும் மூன்றாவதற்கு நான்கு சொல் காத்து நிற்கும். நமக்கு இதுவே சரி.

ஜூன் 11, புதன்

ஆறு சொல்லும் ஒரே இனமாக இருக்கவேண்டும்: எல்லாம் பெயர், அல்லது எல்லாம் வினை. கலந்து போட்டால் "டு" என்று தொடங்கும் பொருள் வினைச்சொல்லுக்குப் போகும், "எ பர்சன் ஹூ" என்று தொடங்குவது ஆளைக் குறிக்கும் சொல்லுக்குப் போகும். மீதியை யாரும் வாசிக்கவே மாட்டார்கள்.

பொருள் எழுதுவதுதான் கடினமான வேலை. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கங்களை எழுதியது. அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். 'ட்ரவுட்' என்பதற்கு "எ லாங் டைம் வித் நோ ரெயின்" போதும். அங்கே 'ப்ரெசிபிடேஷன்' (மழைப்பொழிவு) என்று எழுதினால், ஒன்று தெரியாத பிள்ளைக்கு இரண்டு தெரியாமல் போகும்.

ஜூன் 14, சனி

தாமிரபரணியைச் சுற்றிய சொற்கள்: ரிசர்வாயர் (நீர்த்தேக்கம்), ட்ரிப்யூட்டரி (துணையாறு), ஸ்லூயிஸ் (மடை), கெனால் (வாய்க்கால்), அனிகட், வியர் (இரண்டும் ஆற்றின் குறுக்கே கட்டும் அணைக்கட்டு). மடையும் வாய்க்காலும் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பவை என்பதால் இவை நன்றாக ஒட்டும். ஆனால் ஆறையும் ஒரே நாளில் கொடுக்கக்கூடாது. இப்படிப் பொருளால் நெருங்கிய சொற்களை முதன்முதலில் சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பி, மனதில் பதியத் தாமதமாகிறது. ஆய்வாளர்கள் டிங்காம் 1993இலும் வேரிங் 1997இலும் சோதித்துக் காட்டியது இதைத்தான். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ, வேறு சொற்களுக்கு நடுவே வரட்டும். எல்லாம் பழகியபின் திருப்புதலில் ஒன்றாக வைக்கலாம். வேறுபாட்டைக் கவனிக்க வைப்பதால், குழப்பம் அப்போதுதான் பயன்படும். லெஜிபிள், எலிஜிபிள் போன்ற ஒலி ஒத்த சொற்களுக்கும் இதே முறை.

அப்போதும் அனிகட்டும் வியரும் ஒரே தொகுப்பில் கூடாது. கன்னடியன் அணைக்கட்டை இரண்டு சொல்லாலும் சொல்லலாம். ஒரு பொருளுக்கு இரண்டு சரியான விடை வந்துவிடும். ட்ரிப்யூட்டரிக்கு மணிமுத்தாற்றை உதாரணம் காட்டினால் பிள்ளைகளுக்கு அணைதான் நினைவுக்கு வரும். பச்சையாறு நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லும் பொருளும் எழுதும் அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் போதும். மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், பின்பக்கம் வெறுமையாக உள்ளவை. சொல்லையும் அதன் பொருளையும் ஒரே பத்திரிகையில் வெட்டாதீர்கள், பூ வேலைப்பாட்டைப் பார்த்தே ஜோடி சேர்த்துவிடுவார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பொருத்துவது பார்த்ததும் அடையாளம் காண்பது மட்டுமே. சொல் கைக்கு வரவேண்டுமானால் சொற்களை மூடி வைத்து, பொருளை மட்டும் காட்டி எழுதச் சொல்லவேண்டும். பொருத்தும்போது தவறாத பிள்ளையும் ரிசர்வாயரின் கடைசி மூன்று எழுத்தில் தடுமாறும்.

திருப்புதலுக்கு லைட்னர் 1972இல் சொன்ன பெட்டி முறையைச் சுருக்கி எடுத்திருக்கிறோம். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாக எழுதினால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும், முதலாவதற்கே திரும்பும். மூன்றாவது பெட்டியில் தேறும் சொல்லுக்கு ஒரு சொந்த வாக்கியம் எழுதிய பிறகே அட்டையை எடுத்து வைக்கிறோம்.